விலை சொல்ல மட்டும் வாய் திறப்போர்: காசி நகரும் பிரயாண இலக்கியமும்

பிரயாண நூல்களை நாம் வாசிக்கிறோம், விமர்சிப்பதில்லை. நாவலுக்கும் சிறுகதைக்கும் சமுதாயப் பார்வை வேண்டுமென்று வாதிட்டு ஏடுகளை நிரப்பிய நாம், பிரயாண நூலைப் பொழுதுபோக்கின் பாற்பட்டதாகக் கருதி ஒதுக்கிவைத்துவிட்டோம். ஆயினும் ஒரு நகரை நேரிற் காணாதவன் அந்நகரைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்தின் பெரும்பகுதி பிரயாணிகள் எழுதியவற்றாலேயே உருவாகிறது. நாவலாசிரியனின் கற்பனையைக் கற்பனையென்று அறிந்தே வாசிக்கிறோம். பிரயாணியின் கற்பனையையோ செய்தியென்று நம்பி விழுங்குகிறோம். ஆகவே முன்னதைக் காட்டிலும் பின்னதற்கே கடுமையான விமர்சனம் வேண்டும்.

இத்தகைய விமர்சனத்துக்குக் காசி நகரைக் காட்டிலும் பொருத்தமான உரைகல் கிடைப்பதரிது. கங்கை இங்கே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. அசி தொடங்கி வருணை நதி சங்கமிக்கும் இடம்வரை அதன் மேற்குக் கரையிலே 84 கட்டங்கள் வரிசையாக உள்ளன. கட்டம் என்பது ஆற்றில் இறங்குவதற்கான கற்படித்துறை. அவற்றின் பின்னே இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய ஒழுங்கைகள். 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள் வாழும் நகரம் இது. வந்துபோகும் யாத்திரிகர் இத்தொகையுட் சேரார். மிகப் பழைய இந்நகரின்மேல், கடந்த அறுபது ஆண்டுகளாகப் புதியதொரு பிரயாணி வந்து இறங்கிக்கொண்டிருக்கிறான். முதுகிலே பெரும் பை, கையிலே வழிகாட்டி நூல், பணப்பையிலே அளந்து வைத்த சொற்பப் பணம். அவன் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் இன்று தனியொரு இலக்கிய வகையாகவே வளர்ந்து நிற்கின்றன.

இவ்வகை எழுத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. புகைவண்டி விடியற்காலையில் வந்து நிற்கும். நிலையத்து வாயிலில் வண்டிக்காரர் சூழ்ந்துகொள்வர். ஒழுங்கைகளிற் பிரயாணி வழி தவறுவான். எருதொன்று குறுக்கே நிற்கும். மறுநாள் விடியலிற் படகேறுவான். சூரியன் எதிர்க்கரை மணற்றிட்டின் மேல் எழும். மணிகர்ணிகைக் கட்டத்திற் பிணங்கள் எரியும். மரணத்தைப் பற்றி இரண்டு பக்கச் சிந்தனை. பின்னர் வயிற்றுப்போக்கு. அதன் பின்னர் ஞானம். இந்நூல்களிற் பத்தை வாசித்தவர் பதினோராவதைத் தாமே எழுதிவிடலாம்.

ஒரேமாதிரியாக இருத்தல் இலக்கியக் குறையே எனினும் பெருங்குற்றமன்று. குற்றம் வேறிடத்தில் உள்ளது. இவ்வெழுத்துகளில் அந்நகரத்து உழைப்பாளி எப்போது பேசுகிறான் என்பதைக் கவனித்துப் பார்க்கவேண்டும். படகோட்டி பேசுவான், விலை சொல்வதற்காக. றிக்‌ஷா இழுப்பவன் பேசுவான், அதற்காகவே. பட்டுக்கடையின் தரகன், விறகுக்கெனக் காசு கேட்கும் மயானத்து இளைஞன், பூவும் அகலும் விற்கும் சிறுமி ஆகிய யாவரும் விலை சொல்ல மட்டுமே வாய் திறக்கின்றனர். உடனே பேரம் தொடங்குகிறது. இருநூறு ரூபா கேட்டவனை எண்பதுக்கு இறக்கிய கதை நகைச்சுவையோடு சொல்லப்படுகிறது. நூல் முழுவதிலும் அந்நகரின் உழைக்கும் மனிதனுக்கு வழங்கப்பட்ட ஒரேயொரு வசனம் அவனை ஏமாற்றுக்காரனாகக் காட்டும் வசனமாக அமைந்துவிடுகிறது. எஞ்சிய பக்கங்களில் அவன் ஊமை. ஊமையாக இருக்கும்போது மட்டும் அழகாகவும் இருக்கிறான்: துடுப்பை வலிக்கும் கரிய தோள், புகையின் முன் நிழலுருவம்.

கூட்டம் என்ற சொல்லும் அப்படியே. வாசலிலே கூட்டம், படியிலே கூட்டம், ஆற்றிலே கூட்டம் என்று ஓயாமல் எழுதுகிறார்கள். வெள்ளத்தைப் பற்றி எழுதுவதுபோல எழுதுகிறார்கள். வெள்ளத்துக்கு வீட்டு வாடகை இல்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இல்லை.

இந்நோக்கு முதுகுப்பைப் பிரயாணியோடு பிறந்ததன்று. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ருவெயின் 1896இற் காசிக்கு வந்தார். அவ்வனுபவத்தை 1897இல் வெளியான ‘நிலநடுக்கோட்டைப் பின்பற்றி’ என்னும் நூலில் எழுதினார். யாத்திரிகன் எந்தக் கோயிலில் எந்தப் பேறு பெறலாமென்பதை வியாபாரப் பட்டியல்போல நிரைப்படுத்தி நகையாடும் பகுதி அந்நூலிற் புகழ்பெற்றது. கூர்மையான நகைச்சுவைதான், மறுப்பதற்கில்லை. மதத்தின் வாணிபத்தை அவர் கண்டுகொண்டார். அவ்வாணிபத்தின் அடியில் நின்று கூலிக்கு உழைப்பவரைக் காணவில்லை. கண்டிருப்பின் அந்நகைச்சுவை வேறொரு கூர்மை பெற்றிருக்கும்.

1962ஆம் ஆண்டின் இறுதியில் வந்த கவிஞர் அலன் ஜின்ஸ்பேர்க் வேறு இனத்தவர். சில மாதங்கள் தசாசுவமேத கட்டத்தின் அருகே வாடகை அறையில் வாழ்ந்தார். 1970இல் வெளிவந்த அவருடைய இந்தியக் குறிப்பேடுகள் ஒழுங்கற்றவை. கஞ்சாவின் புகையும் கனவும் அவற்றிற் கலந்து கிடக்கின்றன. ஆயினும் தெருவோரம் கிடந்த நோயாளரையும் பிச்சைக்காரரையும் அருகிருந்து பார்த்து எழுதிய பக்கங்களை இவ்வகையின் பிற நூல்களிற் காண்பதரிது. அவர் மயானத்துக்கு இரவிரவாகப் போனார். பிணம் எரிவதைப் பார்த்தார். அங்கும் பார்த்தது உடலையே, உழைப்பையன்று. எனினும் ஓரிடத்தில் தங்குதல் என்பது பார்வையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு அவருடைய குறிப்புகள் சான்றாகும்.

அவருக்குப் பின் வந்தவர்களுக்கு வழிகாட்டி நூல் கிடைத்தது. ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாய் இந்தியா வந்தடைந்த இளைஞர் கூட்டத்துக்கென ரோனி வீலரும் மொறீன் வீலரும் 1973இற் சிறு நூலொன்றை வெளியிட்டனர். ‘லோன்லி பிளானெற்’ என்னும் நிறுவனத்தின் தொடக்கம் அது. 1979ஆம் ஆண்டின் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிய யுத்தமும் தரைவழியை அடைத்தன. ஆனால் வழிகாட்டி நூல் நின்றுவிடவில்லை. 1981இல் இந்தியாவுக்கென்றே தனிநூல் வந்தது. முன்பு எழுத்தாளனின் சொந்த எரிச்சலாக இருந்த பேரக்கதை, வழிகாட்டி நூலிற் பொதுப் புத்திமதியாக மாறிற்று. படகுக்கு இவ்வளவுக்கு மேற் கொடாதே, நட்பாகப் பேசுபவனை நம்பாதே என்ற எச்சரிக்கையோடு இறங்குபவன், நகரோடு பேசத் தொடங்கு முன்பே செவியை மூடிக்கொள்கிறான்.

ஆங்கில எழுத்தாளர் ஜெஃப் டயர் 2009இல் வெளியிட்ட ‘வெனிசில் ஜெஃப், வாரணாசியில் மரணம்’ என்ற நூலின் பிற்பாதி இவ்வகையின் உச்சமும் முடிவும் எனலாம். பத்திரிகைக் கட்டுரைக்காகச் சில நாள் வந்தவன் திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கி, மெல்ல மெல்லத் தன்னை இழக்கிறான். இவ்வாசிரியர் தம்மைத் தாமே கேலி செய்ய அறிந்தவர். ஏனையோரின் ஞானப் பம்மாத்து அவரிடம் இல்லை. ஆனால் நகரம் அவருக்கும் ஒரு கண்ணாடியே. இழக்கப்படும் ‘தான்’ ஒருவனுடையது. அவனைச் சுற்றியிருக்கும் இலட்சக்கணக்கானோர் அவனது கரைவுக்கான கரைசல்.

அந்நியர் என்பதனாலேயே இவர்கள் இவ்வாறு எழுதினர் என்று கூறிவிடுதல் எளிது. நம்மிற் பலர் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கின்றனர். அது போதாது. ஜொனதன் பரி என்னும் ஆங்கிலேய மானிடவியலாளரும் அந்நியரே. 1994இல் வெளிவந்த ‘பனாரஸில் மரணம்’ என்ற அவரது ஆய்வு, பிரயாணி புகையாக மட்டும் கண்ட மயானத்தைத் தொழிற்களமாகக் காட்டிற்று. பிணமெரிக்கும் உரிமை டோம் சாதிக் குடும்பங்களிடையே முறைநாள்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதையும், சிலரிடம் அம்முறைகள் குவிந்திருக்க மற்றையோர் கூலிக்கு எரிப்பதையும், ஈமக்கிரியை செய்யும் பிராமணருக்குள்ளேயே இழிவெனக் கருதப்படும் பிரிவினர் இருப்பதையும் அந்நூல் விரித்துரைக்கிறது. ஓர் உடல் எரிய இருநூறு முந்நூறு கிலோ விறகு வேண்டும். அவ்விறகைப் படகிலிருந்து இறக்குபவர், சுமப்பவர், நிறுப்பவர் என்று எத்தனை கைகள்! மாறாக, 1986இல் றொபேட் கார்ட்னர் எடுத்த ‘ஆனந்தவனம்’ என்னும் விவரணப் படத்தில் இக்கைகள் யாவும் வருகின்றன. விறகு சுமப்போரையும் பாடை முடைவோரையும் ஓடம் கட்டுவோரையும் நீண்டநேரம் பார்க்கிறோம். ஆனால் விளக்கவுரையும் இல்லை, பேசுவதன் மொழிபெயர்ப்பும் இல்லை. மனிதர் வாய் அசைக்கின்றனர். நமக்கு ஒலி மட்டும் கிடைக்கிறது. படம் அழகானது. பேச்சைச் சங்கீதமாக மாற்றிவிட்ட அழகு அது.

நம் வீட்டையும் பார்க்கவேண்டும். காசியோடு தமிழரின் தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் அங்கு மடம் நிறுவினார். நகரத்தார் சத்திரம் இன்றும் உண்டு. பாரதி தந்தையை இழந்தபின் 1898இலிருந்து 1902வரை அத்தை வீட்டில் வாழ்ந்து படித்ததும் அந்நகரிலேதான். திருமணத்திலே மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமாகக் காசி யாத்திரை புறப்படும் வேடிக்கையை நாம் இன்னும் விடவில்லை. இத்தனை உறவிருந்தும் நம் பத்திரிகைகளில் வரும் காசி யாத்திரைக் கட்டுரைகள் என்ன சொல்கின்றன? எந்தக் கட்டத்தில் எந்தத் தர்ப்பணம், எச்சத்திரத்தில் இட்டலி கிடைக்கும், பண்டா எவ்வளவு கேட்டான், எவ்வளவுக்கு ஒத்துக்கொண்டான். அதே பேரம்! பையின் வடிவம் மட்டுமே வேறு. வெள்ளையன் மரணத்தைத் தரிசித்தான், நம்மவர் மோட்சத்தைத் தரிசித்தார். இருவருக்கும் துடுப்பு வலித்தவன் ஒருவனே. 2009இல் வந்த ‘நான் கடவுள்’ என்ற தமிழ்த் திரைப்படமோ காசியைச் சாம்பற் புகைக்கும் அகோரிகளுக்குமுரிய பின்திரையாகவே தொங்கவிட்டது. பிச்சைக்காரரை வைத்து நடத்தப்படும் கொடிய வியாபாரத்தைத் தமிழ் நாட்டில் அத்துணை உக்கிரமாகக் காட்டிய அப்படம், காசியில் மட்டும் மனிதரைக் காண மறுத்தது விந்தை.

அப்படியாயின் காசியை எவ்வாறு எழுதுவது? உபதேசம் வேண்டியதில்லை. எழுதிக் காட்டியவர்களும் படமாக்கிக் காட்டியவர்களும் உளர்.

1956இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ காசியிலேயே தொடங்குகிறது. கட்டத்திலமர்ந்து விதவைகளுக்குப் புராணம் வாசிக்கும் ஹரிஹரன், முதுகுப்பைப் பிரயாணி படம்பிடித்துக் கொண்டுபோகும் அதே ‘சாது’ உருவந்தான். ராய் அவனை வீடுவரை பின்தொடர்கிறார். அவனுக்கு மனைவி இருக்கிறாள், மகன் இருக்கிறான், வாசித்துக் கிடைக்கும் காசுக்குக் கணக்கிருக்கிறது. நோயுற்ற நிலையிற் கங்கையில் நீராடிவிட்டுப் படியேறும்போது அவன் விழுந்துவிடுகிறான். பிரயாணியின் கமெராவுக்கு அப்படிகள் கீழிருந்து மேலாக அடுக்கிய அழகு. காய்ச்சலோடு ஏறுபவனுக்கு ஒவ்வொன்றும் சுமை. ஒரே கல்லை இருவகையாகக் காட்டும் இவ்விடத்திற் கலைஞனின் சார்பு எத்திசையில் என்பது ஐயமின்றித் தெரிகிறது. அவன் இறந்தபின் மனைவி சர்வஜயா செல்வர் வீட்டிற் சமையற்காரியாகிறாள். மகனும் அவ்வீட்டு எசமானனுக்குச் சிற்றேவல் செய்யத் தொடங்கியதைக் கண்டதும் ஊரைவிட்டுப் புறப்படுகிறாள். ‘முத்தி நகர்’ ஓர் ஏழைப் பெண்ணுக்கு எதைத் தர வல்லது என்பதை இதனினும் அமைதியாகச் சொல்ல இயலாது.

பிரேம்சந்த் 1880இற் பிறந்தது காசிக்கு அண்மையிலுள்ள லம்ஹி கிராமத்தில். வரதட்சணைக் கொடுமையால் பொருந்தா மணத்தில் வீழ்ந்து, பின்னர் தாசித் தெருவுக்குத் தள்ளப்படும் சுமனின் கதையாகிய ‘சேவாசதன’த்தை அவர் அந்நகரின் நடுவிலேயே நிகழ்த்தினார். அது 1938இல் தமிழ்ப் படமாயிற்று. நமது தலைமுறைக்கு அதைவிட நெருங்கி நிற்பது அப்துல் பிஸ்மில்லாவின் ‘ஜீனீ ஜீனீ பீனீ சதரியா’ என்னும் 1986ஆம் ஆண்டு ஹிந்தி நாவல். காசியின் முஸ்லிம் நெசவாளரைப் பற்றியது. தலைப்பு கபீரிடமிருந்து வந்தது. கபீரும் அந்நகரத்து நெசவாளி என்பதையும், காசியில் இறந்தால் முத்தி என்ற நம்பிக்கையை மறுத்து மகஹருக்குச் சென்று இறந்தார் என்ற மரபையும் வாசகர் அறிவர். நாவலில் வரும் மத்தீன், தான் நெய்யும் சேலையின் விலையைத் தானே சொல்ல உரிமையற்றவன். விலை சொல்பவர் முதலாளி. சேலையிற் குறை கண்டுபிடித்துக் கூலியை வெட்டுபவரும் அவரே. மனைவிக்குக் காசநோய். கூட்டுறவுச் சங்கம் அமைக்க அவன் எடுக்கும் முயற்சி முதலாளிகளின் சூழ்ச்சியில் முறிகிறது. பிரயாணி வாங்கிச் செல்லும் பனாரஸ் பட்டுக்குப் பின்னால், பேரத்தில் எள்ளளவும் பங்கற்ற ஒருவன் இருக்கிறான் என்பதை இந்நாவல் உணர்த்துகிறது. பட்டுக்கடைத் தரகனின் தொல்லையைப் பற்றிப் புலம்பும் பிரயாணக் கட்டுரைகளோடு இதனை ஒருங்கே வைத்து வாசிக்கும்படி மாணவர்க்குச் சொல்லுவேன்.

2015இல் வந்த ‘மசான்’ என்ற ஹிந்திப் படத்திலே, அரிச்சந்திர கட்டத்திற் பிணமெரிக்கும் குடும்பத்து இளைஞன் பொறியியல் படிக்கிறான். உயர்சாதிப் பெண்ணொருத்தியைக் காதலிக்கிறான். தான் யாரென்பதைச் சொல்ல நாணி நாணிக் கடைசியில் உடைந்து சொல்கிறான். மயானத்து மனிதன் தன் தொழிலைப் பற்றித் தன் வாயால் பேசும் அக்கணம் இந்தியத் திரையில் அரியது. காதலியை விபத்தொன்றிற் பலியிட்டுச் சாதிப் பிரச்சினைக்கு விடைகூறாது தப்பிக்கொண்டது இயக்குநர் நீரஜ் கேவானின் பலவீனமே. வாழ விரும்பிய இருவரும் முடிவில் அலகாபாத்துக்குப் போய்விடுகின்றனர். காசி இருந்தபடியே இருக்கிறது.

பிரயாணியை எதிர்ப்புறமிருந்து பார்த்தவர் காசிநாத் சிங். ‘காசி கா அஸ்ஸி’ என்னும் அவரது நூல் அஸ்ஸிப் பகுதித் தேநீர்க்கடை அரட்டையின் கொச்சையும் வசையும் நிரம்பியது. நமது பண்டிதர்கள் தலைப்பக்கத்தோடு மூடிவிடுவர். அதிலே வெளிநாட்டாருக்கு அறை விடுதல் பாவமென்று கண்டித்துவந்த ஏழைப் பிராமணப் புரோகிதர் ஒருவர், அயலவர் அறை விட்டுச் செழிப்பதையும் தம் வீட்டு அடுப்பு அணைவதையும் காண்கிறார். இறுதியில் தாமும் இசைகிறார். வரப்போகும் வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கழிப்பறை வேண்டும். வீட்டிலே அதற்கு இருக்கும் இடமோ சிவனுடைய இடம். முதுகுப்பைப் பிரயாணி ‘மலிவான, தூய்மையான, கங்கையை நோக்கிய அறை’ என்று எழுதும் ஒற்றை வரியின் மறுபுறம் இது. வாசகன் சிரிக்கிறான், சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் அவசியம். பிரயாணியின் நோக்கை விமர்சித்தல் வேறு. நகரின் ‘புனிதம்’ கெடுகிறதென்று கூச்சலிடுதல் வேறு. 2000ஆம் ஆண்டிலே தீபா மேத்தா, 1938ஆம் ஆண்டுக் காசியின் விதவைகளைப் பற்றிய ‘வாட்டர்’ படத்தை அங்கே எடுக்கத் தொடங்கியபோது, மதவாதக் கும்பல் அரங்க அமைப்பை அழித்துக் கங்கையில் எறிந்தது. மாநில அரசு படப்பிடிப்பை நிறுத்திற்று. பின்னர் வேறு பெயரில், இரகசியமாக, அப்படம் எடுக்கப்பட்டது நமது இலங்கையிலே. ஹிந்தி அறியாத இலங்கைச் சிறுமியொருத்தி உச்சரிப்பை மனனம் செய்து குழந்தை விதவையாக நடித்தாள். 2005இல் வெளியான அப்படத்தின் கங்கைக் கட்டம் நம் நாட்டு நீர்க்கரையிற் கட்டப்பட்டது. காசியின் மானத்தைக் காத்தவர்கள் காத்தது யாருடைய வாயை மூடுவதன் மூலம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டும். அக்கூட்டத்தோடு நமது விமர்சனத்துக்கு உறவில்லை.

முதுகுப்பைப் பிரயாணியை வெறுமனே எள்ளுவதும் இன்றைய நிலையில் நீதியன்று. அவன் பெரும்பாலும் செல்வனல்லன். தன் நாட்டில் உணவுச்சாலையிற் கோப்பை கழுவிச் சேர்த்த பணத்தோடு வந்தவனும் உளன். அவன் கொடுத்த எண்பது ரூபா, பேரத்திற்குப் பின்னரேனும், படகோட்டியின் கைக்கு நேரே போயிற்று. ஒழுங்கை வீட்டின் மாடியறை வாடகை அவ்வீட்டுக்காரிக்குப் போயிற்று. 2018இல் அலக்நந்தா என்னும் சொகுசுப் படகு கங்கையிற் சேவையைத் தொடங்கியபோது நிஷாத் சாதிப் படகோட்டிகள் எதிர்த்தது இக்காரணத்தாலேயே. 2023 ஜனவரியில் கங்கா விலாஸ் என்னும் பெருங்கப்பல் காசியிலிருந்து புறப்பட்டது. அதிலிருப்பவர் யாருடனும் பேரம் பேசவேண்டியதில்லை. படகோட்டி விலை சொல்லவும் வாய் திறக்கவேண்டியதில்லாத காலம் வந்துகொண்டிருக்கிறது.

கரையிலும் அதுவே நிகழ்ந்தது. விசுவநாதர் கோயிலிலிருந்து கங்கைவரை அகன்ற பாதை அமைப்பதற்காக, அரசாங்கத்தின் கணக்குப்படியே 300க்கு மேற்பட்ட கட்டிடங்கள் வாங்கி இடிக்கப்பட்டன. கடைக்காரர், குடியிருப்போர், வீட்டுக்காரர் என ஏறத்தாழ 1400 பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். 2021 டிசம்பர் 13ஆம் தேதி பாதை திறக்கப்பட்டது. ஐந்து இலட்சம் சதுர அடி. இப்போது கூட்டம் தடையின்றிப் பாய்கிறது. பிரயாணிகள் எழுதும் புதிய கட்டுரைகள் வசதியைப் புகழ்கின்றன, அல்லது பழைய ஒழுங்கைகளின் ‘மாயம்’ போயிற்றே என்று வருந்துகின்றன. அவ்வொழுங்கைகளில் மாடியறை வாடகைக்கு விட்டவர்கள், கீழே தேநீர் ஆற்றியவர்கள், மூலையிலே மாலை தொடுத்தவர்கள் இப்போது நகரின் எப்பகுதியில் எவ்வாடகைக்கு இருக்கின்றனர் என்பதை அக்கட்டுரைகளில் நான் தேடிப்பார்த்தேன். அவர்களிடம் அறையெடுத்துத் தங்கிய பழைய பிரயாணிகளின் நூல்களிலும் தேடினேன். வாடகைத் தொகை பல இடங்களிற் குறிக்கப்பட்டிருக்கிறது. வாடகை வாங்கியவரின் பெயர் இல்லை.